கழுவாத குடல்

குமிழி வந்துகொண்டிருந்தது. மீன் தொட்டிக்குக் காற்றடிக்கிற சின்ன மோட்டார் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, அதிலிருந்து கிளம்பிய மூன்று குழாய்கள் மூன்று கண்ணாடிக் குவளைகளுக்குள் இறங்கியிருந்தன. குவளைக்கு ஒன்றாக, விரல் நீளத்துக்கு, உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, இரு முனையும் நூலால் கட்டிய ஆட்டுக் குடல் துண்டு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொங்கியது. நவநீதன் முக்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. குடல் என்ன எழுந்து வந்து பேசவா போகிறது? நன்றாக ஊறவேண்டும், அப்புறம் துண்டை எடுத்துத் துடைத்து, அதன் வயிற்றுக்குள் இருக்கிற தண்ணீரை ஊசியால் உறிஞ்சி, நீலச் சாயத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவேண்டும். குவளையில் கலந்திருக்கிற மருந்து குடல் சுவரைத் தாண்டி உள்ளே போயிருந்தால் நீலம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். போகாவிட்டால் நீலம் நீலமாகவே கிடக்கும். ஏழு வருஷமாக இந்த நிறமாற்றத்தைப் பார்த்துப் பார்த்து, கடைத்தெருவில் யாராவது கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு போனால்கூட அவனுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் தட்டும். அப்படிப்பட்டவன் இன்றைக்கு அந்தச் சாயப் புட்டியை மேஜையின் அந்தக் கோடியில் தள்ளி வைத்துவிட்டு, அது ஏதோ கடன்காரன் மாதிரி அதன் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். கல்லூரியில் பரீட்சை விடுமுறை. வராந்தாவில் ஒரு காக்காய்கூட இல்லை. பவானியின் வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து அவன் முழங்காலில் விழுந்திருந்தது, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம், நகரவில்லை.

காலையில் கறிக்கடைக்குப் போகாமலே இருந்திருக்கலாம். போகவேண்டிய வேலையே இல்லை. ஆராய்ச்சிப் புத்தகம் அச்சாகி, பைண்டிங் ஆகி, தங்க எழுத்தில் அவன் பெயரோடு வந்து மேஜைமேல் கிடக்கிறது, நாளைக்குக் கொண்டுபோய்ப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கவேண்டியதுதான் பாக்கி. வழிகாட்டி சந்திரலேகா மேடத்துக்குத்தான் ஒரு ஆசை வந்தது, வாய்மொழித் தேர்வில் திரையில் காட்ட, குடல் தொங்குகிற மாதிரி ஒரு நல்ல போட்டோ வேண்டுமாம். ஒரு போட்டோவுக்காகப் போனான். கடைக்காரர் பொன்னுசாமி டப்பாவை நீட்டிக்கொண்டே, "இன்னைக்கு ராசாத்தியக்கா இல்லீங்க சார். பொரட்டாசியில ஏதுங்க யாவாரம், மக ஊட்டுக்குப் போயிருச்சு. கொடலு அறுத்தது அறுத்தாப்புலயே இருக்குது, கடைசி மொழத்தை நீங்களே வழிச்சுக்குங்க" என்றார். வழிப்பதா? எதை வழிப்பது? "உள்ளாற இருக்கிற வழவழப்பைத்தானுங்க. நீங்க கேக்கற துண்டை அக்கா வேற ஆரையும் தொட உடாதுங்களே. குச்சியை உட்டுத் திருப்பி, சுண்ணாம்புத் தண்ணியில போட்டு, கத்தி முதுகுல வெள்ளை வெளேர்னு ஆகற வரைக்கும் வழிச்சு, மறுபடியும் திருப்பி உங்க டப்பாவுல போடும். காலேஜ் சாரு இந்தத் துண்டுதான் முக்கியம், பத்தரமாப் பாத்துக்கன்னு சொல்லியிருக்காருன்னு அதுக்கு அத்தனை கரிசனம்." அப்ப, ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே வாங்குகிற மேல்குடல் துண்டு? "அதைய எதுக்குங்க வழிக்கறது? அதை முக்கியம்னு நீங்க சொல்லலீங்களே. சும்மா அலசிக் குடுத்துரும்." பொன்னுசாமி சிரித்தார். நவநீதனும் சிரித்தான், சிரித்தோம் என்பது இப்போது நினைத்தால் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லி, வண்டியை உதைத்துக் கிளப்பி, பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் அது உறைத்தது.

பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொன்னது வாஸ்தவம். முதல் வருஷம், முதல் ஆடு. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, "அக்கா, இந்தக் கடைசி முழம்தான் எனக்கு உயிர், பத்திரம்" என்றான். உயிர் என்றே சொன்னான். அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். போட்டிக் குடல் கழுவிக் கழுவிக் கை வெளுத்த மனுஷிக்குக் குடலைப் பத்திரமாகப் பார்ப்பது என்றால் என்ன அர்த்தம்? சாப்பிடுகிறவன் வாயில் ஒரு துளி வழவழப்பு படக்கூடாது, அதுதான் அர்த்தம். அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கழுவினாயா என்று ஏழு வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருப்பானா? கேட்கத் தோன்றவில்லை. அந்த வழவழப்புத்தான் எல்லாமே. எத்தனை உசத்தியான மருந்தாக இருந்தாலும் அதைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகவேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி குடல் சுவரின் உள்தோல்தான். ரத்தத்தை உறையவிடாத ஹெப்பாரின் மாதிரிப் பெரிய உருவமுள்ள மருந்தை அது வாசலோடு திருப்பி அனுப்பிவிடும், அதனால்தான் அதை ஊசியாகப் போடுகிறார்கள். ஆனால் பி12 என்கிற வைட்டமினுக்கு மட்டும் அந்தக் கடைசி முழத்தில் தனியாக ஒரு வாசல்காரன் உண்டு. அதைக் கண்டால் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொள்வான். மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளில் அடைத்து, உருண்டைமேல் பி12 ஒட்டி அனுப்பினால், மாப்பிள்ளை வீட்டாரோடு ஒட்டிக்கொண்டு பந்தியில் உட்காருகிறவன் மாதிரி மருந்தும் உள்ளே போய்விடும். இதுதான் புத்தகம். இதுதான் தங்க எழுத்து. மேல் துண்டில் போகவில்லை, கடைசி முழத்தில் அப்படியே அருவியாகப் போகிறது, ஆகவே வாசல்காரன்தான் அழைத்தான் என்று நாலாம் அத்தியாயத்தில் படம் போட்டு நிரூபித்திருந்தான். வாசல்காரனாவது, ஒன்றாவது. அங்கே வாசலும் இல்லை, சுவரும் இல்லை, ராசாத்தியக்கா சுவரையே வழித்துப்போட்டிருக்கிறாள். இடிந்த வீட்டுக்குள் ஆடு மாடு போவதைப் பார்த்து, அழைத்ததனால்தான் போகின்றன என்று எழுதி வைத்திருக்கிறான்.

சரி, கண் எங்கே போயிற்று? கடைசித் துண்டு மட்டும் ஏன் எப்போதும் காகிதம்போல வெளுத்து மெலிந்து இருக்கிறது என்று ஒருநாள் தோன்றத்தான் செய்தது. தோன்றியதை விட்டானா? வெள்ளாட்டின் கடைக்குடல் சுவர் இயல்பிலேயே மெல்லியது என்று ஒரு வாக்கியம் எழுதிப் புத்தகத்திலேயே சேர்த்தான். அந்த வாக்கியத்தை நினைத்ததும் காது சூடானது. உருண்டை இல்லாமல் வெறும் மருந்தைக் கடைசித் துண்டில் விட்டுப் பார்த்திருந்தால் முதல் மாதமே குட்டு உடைந்திருக்கும். அதற்கும் ஆசைப்பட்டான், மேடம்தான், "அதான் போன பேட்ச்ல பண்ணின எண்ணெல்லாம் நம்மகிட்டயே இருக்கே, எதுக்கு மறுபடி செக்கு சுத்தறே?" என்றாள். அவனுக்கும் அது சௌகரியமாக இருந்தது. அப்புறம் அந்தப் பரிசோதனை, குவளையில் பி12-ஐ அள்ளிக் கொட்டி வாசல்காரனுக்கு ஓயாத வேலை கொடுத்தால், மருந்து உள்ளே போவது குறையவேண்டும். குறையவில்லை. மறுபடி செய்தான், குறையவில்லை. பி12 பழசாகியிருக்கும், புதுசு வாங்கிப் போடு என்றாள் மேடம். புதுசு போட்டபோது ஒரு தடவை மட்டும் குறைந்தது, அன்றைக்கு மோட்டார் பாதியில் நின்றுபோயிருந்தது என்பது இப்போது ஞாபகம் வருகிறது. குறைந்த அந்த ஒன்றைப் புத்தகத்தில் ஏற்றினார்கள். பொய் சொல்லவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பிடித்ததைப் பார்த்தான், பிடிக்காததற்குக் காரணம் கண்டுபிடித்தான், ஊரில் ஜாதகம் பார்க்கிறவன் செய்வதைத்தான் இவன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு செய்திருக்கிறான்.

போன் அடித்தது. வீட்டிலிருந்து மனைவி வாணியாக இருக்குமோ என்று பெயரைப் பார்த்துவிட்டு எடுத்தான். மேடம். "நவநீதன், போட்டோ எடுத்தாச்சா? பின்னாடி வெள்ளைத் துணி கட்டு, அப்பத்தான் எடுப்பா இருக்கும்." எடுக்கிறேன் மேடம் என்றான். அத்தோடு வைத்திருக்கலாம். "மேடம், ஒரு சந்தேகம். கடையில அந்தக் கடைசித் துண்டை மட்டும் வழிச்சுக் குடுத்திருக்காங்களாம். உள்தோலே இல்லாமத்தான் நாம..." "எந்த ஆடு?" என்றாள். எல்லா ஆடும் மேடம். "எல்லா ஆடும்னு யாரு சொன்னா? கறிக்கடைக்காரரா? அவர் என்ன உன் எக்ஸாமினரா?" அப்புறம் குரல் இறங்கியது, அவளுக்கும் இரக்கம் உண்டு, இல்லையென்று சொல்லக்கூடாது. "இதோ பாரு. உனக்கு வீட்டுல வேற டென்ஷன். வாணி எப்படி இருக்கா? ஆறாம் மாசம்தானே? நாளைக்குப் போய்ப் புத்தகத்தைக் குடு. சந்தேகத்துக்குன்னே கடைசியில எதிர்கால ஆய்வுன்னு ஒரு பக்கம் விட்டிருக்கோம்ல, அது எதுக்கு இருக்கு?" சரி மேடம் என்று வைத்தான். பாவம், அவளுக்குத் தெரியாது. ஒரு பட்டம் போகிறது, ஒரு புத்தகம் போகிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது போகட்டும். ஏழு வருஷமும் காவிரியோடு போகட்டும், அதற்காக அவன் இப்படி உட்கார்ந்திருக்கவில்லை. புத்தகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அப்பாவோடு தறிக் குடோனில் போய் உட்கார்ந்தால் சோறு கிடைக்காமலா போய்விடும்? அதை நினைத்தால் லேசாகக்கூட இருந்தது. மனசு ஓடி ஓடிப் போய் முட்டி நின்றது வேறு இடத்தில். அங்கே போகாமலிருக்கத்தான் இத்தனை நேரம் ராசாத்தியக்காவையும் மேடத்தையும் சுற்றிச் சுற்றி வந்தது.

மாத்திரை. ஆடிப் பதினெட்டன்று சாயங்காலம். கூடுதுறையில் கூட்டம் நெரிகிறது, வாணி வாசற்படியில் நின்று தெருவில் போகிற பெண்களின் கழுத்து மஞ்சள் கயிறுகளைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கட்டிலில் படுத்து, சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். "ஊசி குத்த எடமே இல்லீங்க மாமா, பாருங்க." இல்லைதான். நீலமும் பச்சையும் மஞ்சளுமாக, பழைய ரத்தக் கட்டுமேல் புது ரத்தக் கட்டு. அவளுக்கு ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடுகிற உடம்பு. குழந்தைக்குப் போகிற கொடியில் கட்டிக்கொண்டு அடைத்துவிடும். அப்படித்தான் முதலாவது மூன்றாம் மாசத்தில் போயிற்று. இரண்டாவது ஐந்தாம் மாசம், முகமெல்லாம் முழுசாக வந்து, அவன்தான் துணியில் வாங்கினான். அப்புறம்தான் டாக்டரம்மா நோயைக் கண்டுபிடித்து, அடுத்தது நின்றதும் நாள் தவறாமல் ஹெப்பாரின் ஊசி போடவேண்டும், பிரசவம்வரைக்கும் நிறுத்தக்கூடாது என்றாள். நர்சைத் தேடி அலையவேண்டாமென்று அவனே போடக் கற்றுக்கொண்டான். தினமும் காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவள் மருந்து என்னவோ அதைத்தான் அவன் ஏழு வருஷமாக உருண்டைக்குள் அடைத்துக்கொண்டிருந்தான், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே, இவளுக்கு இப்படி ஒரு நோய் இருக்கும் என்று யாருக்கும் தெரியாத காலத்திலிருந்தே. அதை நினைத்து ஒரு ராத்திரி அவனுக்கு அழுகைகூட வந்தது, கடவுள் முன்கூட்டியே தயார் செய்திருக்கிறார் பார் என்று. கடவுளுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். "உங்க மாத்திரை எப்பங்க மாமா வரும்?" என்று அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். கடைக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆகும் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். அவன் எழுந்து போய்ப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தான். ஏற்கெனவே செய்து வைத்திருந்தான் என்பதுதான் விஷயம். தான் ஒன்றை விழுங்கி ஒன்றும் ஆகவில்லை என்று உறுதி பண்ணிக்கொண்டு, கேட்கட்டும் என்று காத்திருந்தான்.

அன்றையிலிருந்து ஊசி இல்லை. வாங்கிய ஊசியெல்லாம் பிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கிற தட்டுக்குக் கீழே அடுக்கிக் கிடக்கிறது. டாக்டரம்மா, "ஒழுங்காப் போடறீங்களா?" என்று கேட்டபோது வாணி வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டு, "போடறேனுங்க டாக்டர்" என்றான். வாணி அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், திருட்டு மாங்காய் தின்கிறவள் மாதிரி. அந்தச் சிரிப்பு எத்தனை அழகாக இருந்தது. வயிற்றில் தழும்பெல்லாம் ஆறிவிட்டது, தினம் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறாள். ஊசி போட்ட காலத்தில் பல் விளக்கினால் ஈறில் ரத்தம் கசியும், வாஷ்பேசினில் இளஞ்சிவப்பாக ஓடும். மாத்திரைக்கு மாறியதும் அது நின்றுவிட்டது. நின்றதும் அவனுக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது, ஆமாம், திக்கென்றது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? ரத்தத்தில் மருந்து இருந்தால் ஈறு கசியவேண்டுமே என்று தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே பதிலும் வந்தது, ஊசியில் ஒரேயடியாக ஏறும், மாத்திரையில் நிதானமாக ஏறும், அதனால் கசியவில்லை. பேஷான பதில். வெள்ளாட்டின் கடைக்குடல் சுவர் இயல்பிலேயே மெல்லியது. இரண்டும் ஒரே கையெழுத்து. ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. எடுத்தால் டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று வாணியிடம் சொன்னான், தனக்குத் தெரிந்துவிடும் என்று தன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆனால் ஆடு வேறு, மனுஷி வேறு. இதை ஒரு கொம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினான். ஆட்டுக் குடல் இலை தழை தின்பதற்கு ஆனது, மனுஷக் குடலில் அந்த வாசல்காரன் நிஜமாகவே நின்று நிஜமாகவே அழைத்துக்கொண்டிருக்கலாம். ஆட்டில் நிரூபணம் போனதனால் மனுஷனிலும் பொய் என்று ஆகிவிடுமா? ஆகாது. சாஸ்திரப்படி ஆகாது. ஆவணியில் எடுத்த ஸ்கேனில் குழந்தை நன்றாகத்தான் இருந்தது, இதயத் துடிப்பைக் கேட்டு வாணி அவன் கையை நசுக்கினாள். மருந்து போகாவிட்டால் அப்படித் துடிக்குமா? துடிக்கும். இரண்டாவதும் அப்படித்தான் துடித்தது, போவதற்கு முந்தின வாரம்வரைக்கும் துடித்தது. சரி, எல்லாருக்கும் எல்லாத் தடவையும் அடைத்துக்கொள்ளுமா என்ன, மருந்தே இல்லாமல் பெற்றவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அப்படியானால் ஊசியே வேண்டாமே. வேண்டாமென்றால் அந்தப் பச்சை நீல வயிறு எதற்கு? எந்தப் பக்கம் திரும்பினாலும் கிணற்றுச் சுவரிலேயே போய் இடித்துக்கொண்டது. இப்போதே போன் பண்ணி ஊசியைப் போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கலாமே, பாலத்திலிருந்தே திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாமே, எதற்காக இங்கே வந்து மூன்று குவளை வைத்துக் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறாய்? நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்றுதான் வந்தான். நிச்சயமாகத் தெரியாமல் மாத்திரை கொடுக்கத் தெரிந்தது, ஊசி போடச் சொல்ல மட்டும் நிரூபணம் வேண்டியிருக்கிறது. அவனுக்குத் தன் முகத்திலேயே காறித் துப்பவேண்டும்போல இருந்தது. ஆனாலும் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சொன்னால் அவள் கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட ஒரு மணி நேரம் கிடைத்தது, எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான் விஷயம்.

நேரமாகிவிட்டது. முதல் குவளையில் வழித்த குடல், இன்றைக்கு அவனே கத்தி முதுகால் ராசாத்தியக்கா வழிக்கிற மாதிரி வழித்தது. அதில் உருண்டை இல்லை, பி12 இல்லை, வெறும் மருந்து மட்டும். துண்டை எடுத்துத் துடைத்து உறிஞ்சிச் சாயத்தில் விட்டான். விட்ட கை எடுப்பதற்குள் கத்தரிப்பூவாயிற்று. இத்தனை அழகான நிறம் அவன் புத்தகத்தில்கூட வந்ததில்லை. இரண்டாவது, வழிக்காத குடல், வெறும் மருந்து. நீலம். அது நீலமாகத்தான் இருக்கவேண்டும், அதில் ஒன்றும் இல்லை. மூன்றாவது, வழிக்காத குடல், பி12 ஒட்டிய உருண்டைகள், வாணி விழுங்குகிற அதே உருண்டைகள். நூலை அவிழ்க்கும்போது விரல் வழுக்கியது, அந்த வழவழப்பு விரலெல்லாம் ஒட்டியது, கடைசி முழத்தின் வழவழப்பை ஏழு வருஷத்தில் இன்றைக்குத்தான் தொடுகிறான். உறிஞ்சினான். விட்டான். நீலம். கலக்கிவிட்டான். நீலம். கொஞ்சம் பொறுக்கலாம், சில சமயம் மெதுவாகத்தான் மாறும், எப்போது மெதுவாக மாறியது, ஒருபோதும் இல்லை, இருந்தாலும் பொறுக்கலாம். ஜன்னலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தான். வெயிலில் ஓரமாக ஒரு செம்மை தெரிகிற மாதிரி இருந்தது, அது அவன் விரலின் நிறம். இன்னொரு சொட்டு விட்டான். சாயத்தின் நீலம் தண்ணீர் கலந்து கொஞ்சம் வெளுத்தது, அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

போனை எடுத்து அடித்தான். முதல் மணியிலேயே எடுத்தாள். "சொல்லுங்க மாமா. போட்டோ எடுத்தாச்சுங்களா?" குரலில் தூக்கக் கலக்கம் இருந்தது, படுத்திருந்திருப்பாள். "எடுக்கலை. நான் வர்றேன் வாணி, கெளம்பி இரு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தரலாம்." அவள் உடனே எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவன் ஒரு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தான். "பிரிட்ஜ்ல இருந்து ஊசி ஒண்ணு எடுத்து வெளிய வெச்சிரு, வந்ததும் போட்டுட்டுப் போலாம்" என்றான். "இன்னைக்கு மாத்திரையப் போட்டுட்டனுங்களே. ரெண்டும் சேந்தா ஒண்ணும் ஆயிராதுங்களா?" ஆகாது என்றான். ஏனுங்க என்றாள். அவன் வாயைத் திறந்தான், தயார் பண்ணிய வாக்கியம் வரவில்லை, வேறொன்று வந்தது. "அது உள்ளயே போறதில்ல கண்ணு. ஒருநாளும் போகலை. இப்பத்தான் பாத்தேன்." தெருவில் யாரோ பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போவது போனில் கேட்டது. "ஆடியிலிருந்தா?" "ஆடியிலிருந்து." திட்டுவாள் என்று நினைத்தான். திட்டட்டும், கத்தட்டும், உங்க புத்தகத்துக்கு நானா கெடைச்சேன் என்று கேட்கட்டும், அது அவனுக்கு வேண்டும்போல இருந்தது. "வண்டிய மெதுவாவே ஓட்டிட்டு வாங்க மாமா, பாலத்துல கூட்டமா இருக்கும்" என்றாள் வாணி. "நேத்து மத்தியானத்துல இருந்தே வயித்துல அசையலைங்க. நாளைக்கு நீங்க புஸ்தகத்தைக் குடுத்துட்டு வந்ததுக்கப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்." அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வண்டிச் சாவியைத் தேடினான்.